குழல் சொன்ன அளவு

ஜெர்மனியில் ஓர் அந்நியர் வேலை செய்ய என்னென்ன படிவங்கள் வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பல வருடங்களாக ஒரு நகரசபையில் உட்கார்ந்து அவற்றைத்தான் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் மாமாவுக்கு வேலை கிடைத்த முறைக்கு எந்தப் படிவமும் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில், அசூல் என்கிற அகதித் தஞ்சம் கேட்டு, அகதிகள் விடுதியின் ஓர் அறையில் அம்மா, அவருடைய தம்பியான மாமா, பன்னிரண்டு வயதான நான். எங்கள் மூவரில் டொச், அதாவது ஜெர்மன் மொழி, தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எனக்கு அமைச்சர் பதவிக்குரிய மரியாதை இருந்தது. மாமா எங்கள் நாட்டில் சீமெந்துத் தொழிற்சாலையில் லேத் வேலை செய்தவர். இங்கே அவருக்கு இருந்த வேலைத் தடை அப்போதுதான் முடிந்திருந்தது. இனி ஒரு முதலாளி, இந்த ஆள் எனக்குத் தேவை என்று அன்ராக் எனப்படும் விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அந்தச் சிற்றூரில் இருந்த ஒரே லேத் பட்டறையின் முதலாளி, "பார்க்கலாம்" என்று சொல்லி இரண்டு மாதமாகிவிட்டது. கையெழுத்து இல்லையென்றால் மாமாவுக்கு ஜன்னலைப் பார்த்தபடி இன்னொரு குளிர்காலம்.

சனிக்கிழமை காலைகளில் அந்த முதலாளியைப் பிடிக்கக்கூடிய இடம், ஊரில் துவக்கால் குறிபார்த்துச் சுட்டுப் பழகுபவர்களின் சங்கம்.

"துவக்கு இருக்கிற இடத்துக்கோ? உனக்கென்ன விசரே?" என்றார் அம்மா. "ஆரும் கண்டால் உன்ர அசூலும் போச்சு, எங்கட அசூலும் போச்சு."

"நான் சுடப் போகேல்லை அக்கா. கையெழுத்து வாங்கப் போறன்."

மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு மாமா அங்கே போனபோது, முதலாளி ஒரு பழைய இராணுவத் துவக்கை மேசையில் கிடத்தி, கவலையோடு உட்கார்ந்திருந்தார். அதற்கான ஈயச் சன்னங்களை அவரே வார்த்துத் தோட்டா தயாரிப்பவர். அதற்கான அனுமதிப்பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. பக்கத்தில் அன்று அவர் சுட்ட இலக்குத் தாள். அதில் துளைகள் வட்டமாக இல்லை, சாவித் துவாரம் போல நீண்டு கிடந்தன.

மாமா அன்ராக்கை மறந்துவிட்டார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, கிழவனிட்டைச் சொல்லு. சன்னம் நேராப் போகேல்லை, குத்துக்கரணம் அடிச்சுக்கொண்டு போகுது. குழலுக்குச் சன்னம் சின்னன்."

கிழவனைத் தவிர மற்றதையெல்லாம் மொழிபெயர்த்தேன். முதலாளி சன்ன அச்சு வந்த பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். "எட்டு தசம் இரண்டு மில்லிமீற்றர். இந்த வகைத் துவக்குக்கு இதுதான் அளவு. பெட்டியிலேயே போட்டிருக்கிறது."

"பெட்டிக்குள்ளாலையே சுடுறார்? குழலை அளந்தவரோ எண்டு கேள்."

"குழலையும் ஒருமுறை அளந்தால் நல்லது என்று மாமா பணிவுடன் கருதுகிறார்" என்றேன். என் அரசாங்க உத்தியோகம் அன்றே தொடங்கிவிட்டது.

முதலாளி துவக்குக் குழலின் பின்வாயை அடைக்கும் கட்டையைக் கழற்றினார். இப்போது அது இருபக்கமும் திறந்த வெறும் குழாய். அதன் வாயை மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டி, உள்ளே பார் என்று சைகை காட்டினார். மாமா ஓர் அடி பின்வாங்கினார். மேசையைச் சுற்றிப் போய்ப் பின்பக்கம் கண்ணை வைத்தார். அங்கே வெளிச்சம் போதாதென்று முதலாளி துவக்கைத் திருப்பினார். மாமா மறுபடியும் சுற்றினார். இரண்டு பெரிய மனிதர்கள் மேசையைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பின்பக்கத்தாலைதான் பாக்க வேணும்" என்றார் மாமா. முறை அப்படித்தானாம் என்று மொழிபெயர்த்தேன். முறை என்றதும் முதலாளி அடங்கிவிட்டார்.

பிறகு மாமா குழலுக்கு எண்ணெய் விட்டு, குழலைவிடச் சற்றுப் பருத்த, மிருதுவான ஈயக்கட்டி ஒன்றை மரக்கோலால் தட்டித் தட்டி உள்ளே செலுத்தினார். அது மறுபக்கம் வந்து விழுந்தபோது குழலின் பள்ளங்கள் அதன்மேல் நான்கு வரம்புகளாகப் பதிந்திருந்தன. மைக்ரோமீற்றரால் அளந்தார். எட்டு தசம் இரண்டு ஆறு. முதலாளி வாங்கி மூன்று தடவை அளந்தார். அவருக்கு வேண்டிய விடை மூன்று தடவையும் வரவில்லை.

"எட்டு தசம் இரண்டு எட்டிலை வார்க்கச் சொல்லு" என்றார் மாமா. "கனகாலம் சுட்டுக் குழல் தேஞ்சுபோச்சு. பெட்டிக்கு அது தெரியாது."

அடுத்த வாரம் மாமா பட்டறைக்குப் போய் அச்சைப் பெருப்பித்துக் கொடுத்தார். அதை வேலை என்று சொன்னால் சட்டப்படி குற்றம், ஆகவே அவர் விருந்தாளி என்று முதலாளி விளக்கினார். அதற்கடுத்த சனிக்கிழமை தாளில் ஐந்து துளைகளும் காசு போல வட்டமாக விழுந்தன. முதலாளி அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டி, "அந்த அன்ராக் எங்கே?" என்றார்.

மாமா அந்தப் பட்டறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். துவக்கைப் பின்பக்கத்தால்தான் பார்க்க வேண்டும் என்பது லேத் வேலைக்காரர்களின் விதி என்று நான் பல வருடம் நம்பினேன், பள்ளியில் சொல்லியும் காட்டினேன். மாமாவின் குடியுரிமை மனுவைத் தயாரிக்கும்போதுதான் அவருடைய பழைய அகதி விசாரணைப் பதிவு என் கைக்கு வந்தது. அதில் ஒரு வரி: "இராணுவ முகாமில் பதினாறு நாட்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் துவக்கின் வாயைக் கண்ணில் வைத்து அழுத்தினார்கள்."

அந்தக் கையெழுத்துக்காக அவர் மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே அதை முறை என்று மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன்.