அத்தையின் வலது கன்னம்

எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் பேர். அந்த வாயால் வாங்கிய அடி கொஞ்சமா! ஒரே ஒரு தடவை அதனால் நல்லது நடந்திருக்கிறது; அதுவும் எனக்குத் தெரியாமல்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, நல்ல கறுப்பு. இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, நிறம் மட்டு என்று சொல்லியனுப்பினார்கள். இரண்டு தடவையும் அத்தை சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். மூன்றாவதாகத் திண்டிவனத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

அந்த வாரம் கண்டாச்சிபுரம் சந்தைக்கு முகத்தில் பூசுகிற ஸ்நோ விற்கிற வேன் வந்தது. அதன் பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு பெண்ணின் படம். "கறுப்பா இருக்கோமேன்னு கவலையா? ஏழே நாள்!" என்று ஒலிபெருக்கி அலறியது. யாராவது ஒரு பெண் மேலே வந்தால் ஓசியில் பூசிக்காட்டுவதாகச் சொன்னார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளைத் தாண்டிக்கொண்டு போய் எங்கள் அத்தை ஏறிவிட்டாள்! அடேயப்பா, அவளுக்கு அவ்வளவு துணிச்சல் உண்டென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வேன்காரர் அவளுடைய இடது கன்னத்தில் மட்டும் ஸ்நோவையும் பவுடரையும் அப்பினார். பிறகு, அவளோடு வந்து கீழே நின்றுகொண்டிருந்த என்னைத் தூக்கி மேலே நிறுத்தினார்.

"கொழந்த பொய் சொல்லாது. எந்தக் கன்னம் அழகு? தொட்டுக் காட்டு பாப்பா."

நான் வலது கன்னத்தைத் தொட்டேன்.

சந்தையே சிரித்தது. வேன்காரர் எங்களைச் சட்டென்று இறக்கிவிட்டார்.

திரும்பும் வழியில் ஏரிக்கரையில் அத்தை என் காதைத் திருகினாள். "ஏண்டி, இத்தினி பேர் எதிர்ல மானத்த வாங்கினே?"

"அந்தப் பக்கம் யாரோ மாதிரி இருந்துச்சி. இந்தப் பக்கந்தான் நீயி" என்று அழுதேன்.

அத்தை காதை விட்டுவிட்டாள். ஏரியில் இறங்கி வெகுநேரம் முகம் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை வந்த மாப்பிள்ளையின் அம்மா, "இன்னாம்மா, பவுடரு கூடப் போடலியா?" என்று கேட்டாள்.

"இதாங்க என் மூஞ்சி" என்றாள் அத்தை, தலையைக் குனியாமல்.

அவள் மூஞ்சி அவளுடையதுதானே, இதையெல்லாமா ஒருத்தி எடுத்துச் சொல்வாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

வாசல் தாண்டுமுன்பே, சரிப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தையோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த சொஜ்ஜியை அள்ளி அள்ளித் தின்றாள். மாப்பிள்ளை கைவிட்டுப் போனதற்கு இவளுக்கு ஏன் இத்தனை பசி என்று எனக்கு விளங்கவில்லை. என் பங்கு குறைகிறதே என்று கோபம் கோபமாக வந்தது.