கனடாக்காரன் சாவி

ஸ்ரீகண்டன் மச்சினன் கடையை விட்டு வெளியேறியது மூணு டீயினால். சொன்னால் ஊர் சிரிக்கும் என்பதால் மனைவி சாவித்ரியைத் தவிர யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை.

கிழக்கேகோட்டையில் அவருடைய மாமனாருக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. தொண்ணூறுகள் முழுக்க ஸ்ரீகண்டன் கரமனை அக்ரஹாரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் அங்கே கல்யாணங்களை வீடியோ எடுத்தார், வெட்டினார், ஒட்டினார். மாமனார் இருந்தவரை மாப்பிள்ளை மரியாதைக்குக் குறைவில்லை. கடையில் இருந்த ஒரே சுழல் நாற்காலி அவருக்குத்தான். மாமனார் கண்ணை மூடியதும் நாற்காலி மகன் கேசவுக்குப் போனது. அதுகூடப் போகட்டும். ஒரு நாள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மகள் கல்யாணத்துக்கு வீடியோ பேச வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆல்பம் காட்டிக்கொண்டிருந்த கேசவ் தலையை நிமிர்த்தாமலே, "அத்திம்பேர், மூணு டீ சொல்லிட்டு வந்துடுங்கோ" என்றான்.

கடைக்குள் இருந்தது நாலு பேர். ஸ்ரீகண்டன் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். நாலுதான். அக்காள் புருஷனை டீ வாங்க அனுப்புவதே தப்பு, அந்த டீயில் அவருக்குப் பங்கும் இல்லை என்றால் அதற்கு என்ன பெயர்? இறங்கிப் போய் மூணு டீ சொன்னார். அப்படியே கரமனை பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். செத்தாலும் இனி அந்தப் படி ஏறுவதில்லை என்று சாவித்ரியிடம் சொன்னார்.

"வாய் தவறிச் சொல்லிட்டான்னா. வெறுதே மனசுல வெச்சுண்டு வெதும்பாதேங்கோ" என்றாள் சாவித்ரி. அவளுக்கு அவன் கூடப் பிறந்தவன்.

"வாய் தவறினா நாலு அஞ்சாகும். மூணாகாது" என்றார் ஸ்ரீகண்டன்.

வீட்டு முன்னறையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அப்போது வீடியோ கேசட் போய் டிவிடி வந்துகொண்டிருந்த சமயம். கடன் வாங்கி, கொச்சியில் ஒரு டீலரிடம் டிவிடி செய்யும் சாப்ட்வேர் வாங்கினார். கனடாவில் ஏதோ ஒரு சின்னக் கம்பெனி செய்தது. வீட்டில் அதற்குப் பெயரே கனடாக்காரன் என்றாகிவிட்டது. "கனடாக்காரன் எழுந்தாச்சா?" என்று சாவித்ரி காலையில் கேட்பாள், வீட்டில் யாரையோ குடிவைத்திருப்பதைப் போல. அதோடு விரல் நீளத்தில் ஒரு நீலத் துண்டு வந்தது. கம்ப்யூட்டரின் பின்னால் அதைச் செருகினால்தான் சாப்ட்வேர் திறக்கும். டீலர் டாங்கிள் என்றார். ஸ்ரீகண்டனுக்கு அது சாவி.

கனடாக்காரன் கெட்டிக்காரன் என்பதில் சந்தேகமில்லை. அக்ரஹாரத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அமெரிக்காவில் இருந்தார்கள். நம் ஊர் டிஸ்க் அங்கத்திய டிவியில் ஓடாது. மற்ற சாப்ட்வேரில் அந்த ஊருக்கு மாற்றினால் படம் திக்கித் திக்கி ஓடும். கனடாக்காரன் மாற்றினால் எண்ணெய் போட்டது போல் ஓடும். மெனுவில் தமிழ் எழுத்தே வரும். காசியாத்திரை, ஊஞ்சல், மாங்கல்யதாரணம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்கள். வேண்டியதை அமுக்கினால் நேரே அந்த இடத்துக்குப் போய் நிற்கும். அமெரிக்காவில் இருந்து ஆட்கள் கேட்டு வந்தார்கள்.

ஸ்ரீகண்டன் அதோடு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் மச்சினனின் டிஸ்க்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "கேசவோட டிஸ்குல தாலி கட்டறச்சே மாப்பிள்ளைக்குக் கை நடுங்கும், பாத்திருக்கேளா? பாவம், மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்லை. நடுங்கறது டிஸ்க்காக்கும்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கும்போது அந்த மூணு டீ கொஞ்சம் ஜீரணமாகும்.

நாலைந்து வருஷம் ராஜா மாதிரி இருந்தார். இரண்டாயிரத்து ஆறு கடைசியில் கொச்சி டீலர் போனில் கூப்பிட்டுத் தலையில் கல்லைப் போட்டார். கனடாக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. வாங்கின கையோடு அந்த சாப்ட்வேரை நிறுத்தியும் விட்டது. இனிப் புதுப் பதிப்பு கிடையாது, கோளாறென்றால் கேட்க நாதி கிடையாது, சாவி தொலைந்தால் வேறு சாவி கிடையாது. மார்ச் முடிவதற்குள் சாவியைத் திருப்பிக் கொடுத்தால் பெரிய கம்பெனி தன்னுடைய சாப்ட்வேரைப் பாதி விலைக்குத் தரும். பழைய வேலைகளை அதில் திறக்க முடியாது, அவ்வளவுதான்.

"எந்த சாப்ட்வேர்?" என்று கேட்டார் ஸ்ரீகண்டன்.

டீலர் பெயரைச் சொன்னார். கேசவ் கடையில் இருக்கிற அதே சாப்ட்வேர்.

இதைவிட ஒரு மனிதனை அவமானப்படுத்த முடியுமா? எந்த டிஸ்க் நடுங்குகிறது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாரோ, அந்த டிஸ்க்கையே இனி அவரும் செய்ய வேண்டும். எங்கே எதை அமுக்குவது என்று தெரியாவிட்டால் கேசவைத்தான் கேட்க வேண்டும். சாவித்ரி நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தாள். "நின்னுபோனதக் கட்டிண்டு எத்தனை நாளைக்கு? பாதி வெலைக்குத் தரான்னா வாங்கிக்கப்படாதோ?" அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மார்ச் வந்தது, போனது. பழைய கல்யாணங்களைத் திறக்க முடியாமல் போகும் என்று எல்லோரிடமும் காரணம் சொன்னார். உண்மைக் காரணம் சாவித்ரிக்குத் தெரியும்.

அன்று முதல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கனடாக்காரனைக் காத்தார். வைரஸ் வந்துவிடும் என்று இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். சாலைக் கடைத்தெருவில் அலைந்து, தன் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அதே பழைய சாமான்களை எங்கே கண்டாலும் வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கினார். எல்லாவற்றுக்கும் மாற்று வைக்க முடிந்தது, சாவி ஒன்றுக்குத்தான் முடியவில்லை. அதை எங்கே வைத்தாலும் பயமாக இருந்தது. கடைசியில் கம்ப்யூட்டரை விட்டு எழுந்தால் பிடுங்கிப் பூணூலில் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார். பீரோ சாவியைப் பூணூலில் முடிந்துகொள்ளும் மாமாக்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர் இருந்ததால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. குளிக்கும்போது மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்வார்.

"நீங்க எனக்குக் கட்டினது ஒண்ணு, கனடாக்காரன் உங்களுக்குக் கட்டினது ஒண்ணு" என்றாள் சாவித்ரி. அவர் சிரிக்கவில்லை.

அந்த வருஷத்து ஆவணி அவிட்ட உபாகர்மத்துக்குக் கரமனை ஆற்றுப் படித்துறையில் நல்ல கூட்டம். மழை பெய்து ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கேசவும் வந்திருந்தான். அவன் வருஷா வருஷம் இங்கே வந்து பூணூல் மாற்றிக்கொண்டு அக்காள் கையால் சாப்பிட்டுவிட்டுப் போவான். ஸ்ரீகண்டன் அவனோடு பேசுவதில்லை, அவன் சாப்பிடுவதைத் தடுப்பதும் இல்லை. அன்று அவனே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வாத்தியார் மந்திரம் சொல்லச் சொல்ல எல்லோரும் புதுப் பூணூலைப் போட்டுக்கொண்டார்கள்.

"அத்திம்பேர், வேற ஆரும் சொல்லி நீங்க அறியப்படாது. அதான் நானே சொல்றேன்" என்றான் கேசவ் தணிந்த குரலில். "அந்த நியூஜெர்சிக்காரா இல்லையா, ரெண்டாவது பொண் கல்யாணத்த என்கிட்டயாக்கும் குடுத்திருக்கா. நானாக் கேக்கலை, கேட்டேளா."

மூத்த பெண்ணின் கல்யாண டிஸ்க் ஸ்ரீகண்டன் செய்தது. அதைப் பார்த்துத்தான் பாதி அமெரிக்கா அவரைத் தேடி வந்தது.

"பேஷா எடு. டீ வாங்க ஆள் கெடச்சுடுத்தா?" என்றார்.

கேசவ் புரியாமல் பார்த்தான். "எந்த டீ அத்திம்பேர்?"

நடிப்பா என்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். நடிப்பில்லை. அவனுக்கு ஞாபகமே இல்லை. எந்த மூணு டீக்காக அவர் கடனாளியானாரோ, பண்டிகை நாளில்கூட மனைவியின் தம்பியோடு பேசாமல் இருந்தாரோ, அது சொன்னவன் மனசில் ஒரு நிமிஷம்கூடத் தங்கியிருக்கவில்லை. ஸ்ரீகண்டனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"பழசக் கழட்டி ஜலத்துல விடுங்கோ" என்றார் வாத்தியார்.

ஸ்ரீகண்டன் பழைய பூணூலைக் கழற்றி, கையில் சுருட்டி, கேசவை அடிக்க முடியாத ஆத்திரத்தில் ஆற்றுக்குள் ஓங்கி எறிந்தார். மற்றவர்கள் படியோரமாக விட்டார்கள். அவருடையது நடு ஆறு வரை போனது.

வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்து அப்பம், வடை எல்லாம் சாப்பிட்டார். கேசவும் இரண்டு இலை தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் முன்னால் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் சீக்கிரம் கை கழுவிவிட்டு முன்னறைக்குப் போனார். பாதியில் நின்ற ஒரு கல்யாணம் இருந்தது, மெனு எல்லாம் போட்டாயிற்று, டிஸ்க்கில் ஏற்றுவதுதான் பாக்கி. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு மார்பில் கை வைத்தார். மஞ்சள் தடவிய புதுப் பூணூல் மட்டும்தான் இருந்தது.

"சாவித்ரீ" என்று அவர் போட்ட சத்தத்தில் கேசவ் எச்சில் கையோடு ஓடி வந்தான்.

படித்துறையில் யாருமில்லை. கழற்றி விட்ட பூணூல்கள் கடைசிப் படியில் ஒன்றோடொன்று சிக்கிக் கொத்துக்கொத்தாக மிதந்தன. ஸ்ரீகண்டன் முழங்கால் தண்ணீரில் நின்று அவற்றை அள்ளி அள்ளிப் பிரித்தார். ஊரார் உடம்பிலிருந்து கழித்துப் போட்டதை வெறுங்கையால் துழாவுகிறோமே என்ற கூச்சம்கூட அப்போது இல்லை. எல்லோருடையதும் மிதந்தது. கனம் இருந்தது அவருடையதில் மட்டும்தான்.

கேசவ் சட்டையைக் கழற்றிவிட்டு நடு ஆற்றில் இறங்கினான். முங்கினான், எழுந்தான், மறுபடி முங்கினான். "ஏறுடா மேல" என்று ஸ்ரீகண்டன் கத்தினார். அவன் கேட்கவில்லை. உதடு நீலம் பாரித்து, காலில் கண்ணாடி கிழித்து ரத்தம் வழிய அவன் படியேறியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. "நாளைக்கு ஆளக் கூட்டிண்டு வந்து பாக்கலாம் அத்திம்பேர்" என்றான். இத்தனை நாள் ஸ்ரீகண்டன் கைவசம் இருந்த ஒரே சொத்து அவன் மேலுள்ள கோபம். அதையும் அவன் அன்றைக்குப் பிடுங்கிக்கொண்டான்.

ஆள் விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. அதற்குள் தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. "என்னடா ஸ்ரீகண்டா, கம்ப்யூட்டருக்கு உபாகர்மம் பண்ணி வெச்சுட்டியாமே" என்று வாத்தியாரே நடுத்தெருவில் கேட்டார். ஸ்ரீகண்டன் கொச்சி டீலரிடம் பேசினார். மார்ச்சில் சொன்னேனே சார் என்றார் டீலர். திருட்டுக் காப்பி போடுகிறவர்களை வாய் ஓயாமல் திட்டிவந்தவர், வெட்கத்தை விட்டு ஷிஜுவிடம் போய் நின்றார். ஷிஜு பாறசாலைப் பக்கத்துப் பையன், டெக்னோபார்க்கில் வேலை, எந்த சாப்ட்வேருக்கும் பூட்டை உடைத்துத் தருவான் என்று பேர். அவன் இரண்டு நாள் தேடிவிட்டுக் கையை விரித்தான்.

"இதுக்கு கிராக் இல்ல அங்கிளே. ஆராவது உபயோகிச்சாதான கிராக் பண்ணுவாவ?"

திருடனுக்குக்கூட வேண்டாத பொருளைத்தான் இத்தனை நாள் நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

பாதியில் நின்ற கல்யாணத்தின் டேப்புகளைச் சாவித்ரி பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிழக்கேகோட்டை பஸ் ஏறினாள். அவர் தடுக்கவில்லை. திரும்பி வந்ததும், "அவன் முடிச்சுக் குடுக்கறேன்னான். உங்களையும் வரச்சொன்னான்" என்றாள்.

"வேற என்ன சொன்னான்?"

"வேற ஒண்ணும் சொல்லலை."

ஒரு நிபந்தனையாவது போட்டிருந்தால் அதைச் சொல்லி மறுத்திருக்கலாம். அதற்கும் வழியில்லை. வங்கிக்காரன் கடனைக் கேட்டு ஆள் அனுப்பத் தொடங்கியிருந்தான். ஒரு திங்கட்கிழமை, செத்தாலும் ஏறுவதில்லை என்ற படியை ஸ்ரீகண்டன் ஏறினார்.

கேசவ் எழுந்து சுழல் நாற்காலியைக் காட்டினான். அவர் ஓரத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நியூஜெர்சிக்காரர் மனைவியோடு வந்தார். ஸ்ரீகண்டனைப் பார்த்து, "ஓ, இப்போ இங்கேயா?" என்றார். கேசவ் இரண்டாவது பெண்ணின் கல்யாண டிஸ்க்கைப் போட்டுக் காட்டினான். அந்த சாப்ட்வேர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு துண்டாகத் தானே வெட்டியிருந்தது. ஆறாவது துண்டில் பாதியில் தாலி கட்டினார்கள். கை நடுங்கியது. ஸ்ரீகண்டன் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்வாள் என்று இருந்தது. "ரொம்ப நன்னா வந்திருக்கு" என்றாள் அவள்.

கேசவ் டீ சொல்ல எழுந்தான். காலில் போட்ட கட்டு இன்னும் பிரிக்கவில்லை, விந்தினான்.

"நீ இரு" என்று ஸ்ரீகண்டன் எழுந்தார். "எத்தனை?"

"நாலு, அத்திம்பேர்" என்றான் கேசவ், சாதாரணமாக. என்ன கேட்டார் என்றோ, தான் என்ன சொன்னோம் என்றோ அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அன்றைக்கு இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும். கனடாக்காரனும் வந்திருக்க மாட்டான், கடனும் வந்திருக்காது. ஸ்ரீகண்டன் படியிறங்கி, தெருவைக் கடந்து, கடைக்காரன் முன்னால் போய் நின்றார்.

"மூணு சாயா" என்றார்.