வலப்பக்கத்து மஞ்சள் பெட்டி

வலைப்பக்கம் வடிவமைப்பது என் பிழைப்பு. அடுத்தவர் கண் திரையில் எங்கே நிற்கிறது, எங்கே வழுக்கிக்கொண்டு போகிறது என்று வேவு பார்ப்பதும் அதில் சேர்த்தி. யாரும் ஒரு பக்கத்தை முழுதாகப் படிப்பதில்லை. தலைப்பு, மேலே இரண்டு வரி, அப்புறம் இடது ஓரமாகவே சரசரவென்று இறங்கிவிடுவார்கள். வலப்பக்கம் கலர் பெட்டி ஏதாவது இருந்தால், விளம்பரம் என்று கண் தானாகவே ஒதுக்கிவிடும்.

இதைத்தான் கப்பல் ஏஜென்சி அண்ணாச்சியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பட்டியல் போட அவருக்கு ஒரு பக்கம் செய்துகொண்டிருந்தேன். வரப்போகும் கப்பல்கள் இடப்பக்கம் வரிசையாக இருக்கட்டும்; இன்று கரை சேர்ந்தவை மட்டும் வலப்பக்கம் மஞ்சள் பெட்டியில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

“அந்தப் பெட்டிய யாரும் பாக்க மாட்டாங்க அண்ணாச்சி.”

“மஞ்சக் கலரு கண்ணுல படாமலா போவும்? கண்ணு தெரியாதவங்களா நம்ம பக்கத்தப் பாக்க வாராங்க?”

வேண்டாவெறுப்பாகச் செய்து கொடுத்தேன்.

சில மாதம் கழித்து, என் கணவர் வேலை பார்க்கும் சரக்குக் கப்பலே இங்கே வருவதாகத் தகவல் வந்தது. மகள் பிறக்கும் முன்பே கப்பல் ஏறியவர். அவளுக்கு இப்போது ஏழு மாதம். துறைமுக கேட்டை விட்டு வெளியே வந்ததும் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நாள் மட்டும் உறுதியில்லை. “ஏஜென்சி பக்கத்தப் பாத்துக்கோ” என்று சொல்லியிருந்தார்.

பார்த்தேன், ஒரு நாளைக்கு இருபது தடவை. அன்று காலையும் இடது ஓரமாக மேலிருந்து கீழே ஓட்டினேன். முந்தின நாள் வரை இருந்த கப்பல் பெயரையே காணோம். தள்ளிப்போய்விட்டது என்று முகம் தொங்கிப்போய், தலைக்கு எண்ணெயை அப்பிக்கொண்டு துணி ஊறவைத்தேன்.

பதினொரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன். கணவர் குரல்.

“ஏளா, எங்கன இருக்க? ஒரு மணி நேரமா கேட்டுல நிக்கேன். என் போனு கடல்ல விழுந்துட்டு, இது இன்னொருத்தர் போனு. கப்பல் பேரு மஞ்சப் பொட்டியில வந்துருக்காம்லா, பாக்கலயா?”

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பளிச்சென்றுதான் இருந்தது. நான் வாதாடியது சரி என்று நானே நிரூபித்துவிட்டேன். என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

எண்ணெய்த் தலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மில்லர்புரம் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்தேன். புது முகம் என்றாலே வீறிட்டு அழுகிற பிள்ளை. முதலில் விழிக்கும் பாக்கியத்தைத்தான் கெடுத்தேன், இவள் அழுதும் வைத்தால் அந்த மனுஷன் என்ன ஆவார்?

கேட்டில் நின்றவரிடம், “கோவிச்சுக்காதீங்க” என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் பொறவு. பிள்ளையத் தா.”

கொடுத்தேன். அவள் அவரைப் பார்த்தாள். நெற்றி, புருவம், காது, மீசை, மறுபடியும் மீசை. எதையும் விடவில்லை, அவசரமும் படவில்லை. பிறகு அவர் மூக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எச்சில் தெறிக்கச் சிரித்தாள்.

அழுதது அவர்தான்.