காலி இருக்கையில் சும்மா

நம்பினால் நம்புங்கள். இது நடந்தது பட்டப்பகலில், குளிர்சாதன அறையில், நான் முழு நினைவோடு இருந்தபோது.

எங்கள் போட்டித் தளத்தில் மனிதர்கள் விளையாட மாட்டார்கள். அவர்கள் எழுதிய கணினி நிரல்கள் ஒன்றோடொன்று மோதும். நான் நடுவர். வந்த நிரல்கள் ஒற்றைப்படையாக இருந்தால், ஜோடி இல்லாததற்கு எதிரே எங்கள் நிரல் ஒன்றை உட்காரவைப்போம். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு கட்டத்தில் காய் வைக்கும் மண்டு அது. பெயரே ‘சும்மா’. எழுதியவன் என் தங்கை கணவன். ஜோடி சேர்ப்பதும் அவன் வேலைதான்.

அன்று மூன்று மணிக்குத் திரையைப் பார்த்தால், சும்மா ஜெயித்துக்கொண்டிருந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சந்தேகம். நிரல் என்றால் பட்டென்று காய் வைக்கும். இது யோசித்தது. மாப்பிள்ளை டீ குடிக்கப் போனால் ஆட்டம் நின்றது. அவன் வந்து உட்கார்ந்ததும் காய் நகர்ந்தது. எனக்கே காது குத்தப் பார்க்கிறானா?

திருட்டு ஆட்டம் என்றால் வேலை போய்விடும். தங்கைக்கு ஏழாம் மாதம். ஆனாலும் கேட்டேன், சும்மாவில் ஏதாவது கைவைத்தாயா என்று.

“இன்னைக்கு நான் சும்மாவ தொடவே இல்ல மச்சான்.”

நான் நம்பவில்லை. மேலாளரிடம் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவனுடைய மடிக்கணினியை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அறையில் நான் மட்டும். அவன் கணினி என் மடியில், மூடியபடி.

டக்... டக்...

அவன் மேசையிலிருந்து. மேசைமேல் ஒன்றுமே இல்லை.

திரையில் காய் நகர்ந்தது.

திரையில் நடுவர் செய்தி அனுப்பும் பெட்டியில் தட்டினேன்: யாரு?

அதற்குப் பதில் அனுப்ப எந்த நிரலாலும் முடியாது.

பதில் வந்தது...

“சும்மா.”

ஓடினேன்.

தெருவில் நின்று மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சும்மாவை எப்படி நிறுத்துவது என்று மட்டும் கேட்டேன்.

“எதை நிறுத்தணும்? இன்னைக்கு வந்தது இருபது மச்சான். இரட்டைப்படை. சும்மாவ நான் இறக்கவே இல்லையே.”

மறுநாள் போட்டிப் பதிவுகளைப் பார்த்தேன். இருபதும் தங்களுக்குள் ஆடி, இரண்டே முக்காலுக்கே போட்டி முடிந்திருந்தது. மாப்பிள்ளையைத் திரும்ப எடுக்கச் சொல்லி, காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். எடுக்கவில்லை. தங்கை என்னிடம் பேசுவதில்லை.

அன்று மூன்று மணிக்கு மேல் அது யாரைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.