பெயர் அழிந்த பிரேக் வேன்

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கிடங்கில் எனக்கு வேலை. டூட்டி முடிந்தால் ரூமில் ஒரு பலகை மேல் பொம்மை ரயில் ஓட்டுவேன். பழைய பிரிட்டிஷ் சரக்கு வண்டிகள்தான் பிடிக்கும். பல மாதம் தேடி, வண்டியின் கடைசியில் கார்டு உட்கார்ந்து வரும் பிரேக் வேன் ஒன்றை வாங்கினேன்.

பிரிட்டனில் ரயில்வே அரசாங்கத்தின் கைக்குப் போன பிறகும், பழைய கம்பெனி வேன்கள் பலவற்றில் அவை திரும்ப வேண்டிய ஊரின் பெயர் எழுதியிருக்கும். அந்த வட்டாரத்தைத் தாண்டி அவை அதிகம் போகாது. என் வேனிலும் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. பூதக்கண்ணாடி வாங்கிப் படிக்க நினைத்திருந்தேன்.

அதற்குள், ரூமில் என்னோடு இருக்கும் கார் பெயின்டர் தம்பி அதைத் தன் கேரேஜுக்கு எடுத்துப்போய், பளபளவென்று ஸ்ப்ரே அடித்துக் கொண்டுவந்தான்.

"எப்டிண்ணே, புதுசு மாதிரி இருக்குல்ல?"

"அதுல ஒரு ஊர் பேரு இருந்துச்சேடா!"

"அவ்ளோதானே? என்ன ஊருன்னு சொல்லுங்க, எழுதிடுறேன்."

அதுதானே எனக்குத் தெரியாது! விற்றவரைக் கேட்டால், கவனிக்கவில்லை என்றார். வாடிப்போன தம்பியின் முகத்தைப் பார்த்துத் திட்டவும் முடியவில்லை. எந்த வட்டாரத்து ரயிலோடு கோப்பதென்று தெரியாமல் வேன் ஜன்னலோரம் நிற்கிறது. தூசி தட்டும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.