இலிசாபியும் காது கிழிந்தவரும்

இலிசாபி வண்டியை நிறுத்துகிறாள். எஞ்சினை அணைத்து, தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டு, மூக்கை உயர்த்துகிறாள். இடமிருந்து வலமாக நீளமாக ஒரு மோப்பம். “யாரோ மீன் வறுக்குறாங்க. எண்ணெய் பழசு” என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குக் கிளம்புகிறாள். அக்டோபர் பிறந்ததிலிருந்து கடல் உறையும் வரை, விடிந்தால் இதுதான் வேலை. நாலு சக்கர வண்டியின் பின்னால் ஒரு துப்பாக்கி, சத்தத்தால் விரட்ட ஒரு பெட்டி வெடித் தோட்டா, ஒரு பிளாஸ்க் டீ. எங்கள் ஊருக்குக் கரடிக் காவல் அவள்தான்.

வயது ஐம்பத்தாறு. உயரத்தில் என் தோளைத் தொடமாட்டாள்; அந்தக் குறையை அகலத்தில் தீர்த்துக்கொண்டாள். தலையில் ரோஜா நிறக் கம்பளித் தொப்பி. பேத்திக்கென்று பின்னினாள், கை ஓடிய வேகத்தில் அளவு பெரிதாகிவிட்டது. கால்விரல்களை உள்பக்கம் திருப்பிக்கொண்டு ஆடி ஆடி நடப்பாள். கேலி செய்தால், “அவரும் இப்படித்தான் நடக்குறாரு. அவரு வழுக்கி விழுந்து யாராவது பாத்திருக்கீங்களா?” என்பாள்.

அவர் என்றால் பனிக்கரடி. இலிசாபி வாயிலிருந்து அந்த மிருகத்துக்கு “அது” வராது. ஊர் வானொலியில் பேசுவது என் வேலை. ஒருமுறை அதில், குப்பைமேட்டில் நிற்கும் கரடிக்கு நம் கடைக்காரரைப் போலத் தொப்பை என்று சொல்லிவிட்டேன். ஊர் சிரித்தது. இவள் மட்டும் பூட்ஸ் பனியோடு நிலையத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

“அப்பா, உங்களுக்கு அறிவிருக்கா? அவருக்குக் காதுதான் சின்னது. இங்க பேசுறதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருப்பாரு.”

ஆமாம், அப்பா. அவளுடைய தந்தை பாமியோக் இறந்து மூன்று மாதத்தில் நான் பிறந்தேன். பெயரை எனக்கு வைத்துவிட்டார்கள். எங்கள் வழக்கப்படி, பெயர் வந்தால் உறவும் கூடவே வரும். ஆகையால் முப்பத்திரண்டு வயதில் எனக்கு ஐம்பத்தாறு வயதில் ஒரு மகள். புது வேட்டைக் காலுறை பின்னினால் முதல் ஜோடி எனக்கு. திட்டு விழுந்தாலும் முதல் பங்கு எனக்கே. வீட்டிலிருந்தே ஊர் ஆடும் பிங்கோ ஆட்டத்துக்கு வானொலியில் நான் எண் வாசிக்கும்போது நடுவில் கூப்பிட்டு, “தேவாலயத்துக்குப் பின்னால ஒருத்தர் நிக்கிறாரு, சொல்லுங்கப்பா” என்பாள். நான் சொல்வேன். பிங்கோ தடைபட்ட கோபத்தில் பத்துப் பேர் கூப்பிட்டு என்னை ஏசுவார்கள்.

டீ குடிக்க உட்கார்ந்தால் நாலு கரண்டி சர்க்கரையும் கரடிப் பேச்சும். “வெள்ளை வெள்ளைன்னு சொல்றாங்களே, ஒரு முடியைப் புடுங்கி வெளிச்சத்துல பாருங்க. கண்ணாடியாட்டம் இருக்கும், உள்ள வெறும் ஓட்டை. அதுக்கு அடியில தோலு நம்ம கெட்டில் அடியாட்டம் கறுப்பு.” பாதத்தைக் காட்டச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கவிழ்ப்பாள். அவ்வளவு பெரிய பாதம், அதன் அடியிலும் முடி, பனியில் வழுக்காமல் இருக்க. நீந்தும்போது முன்கால் துடுப்பு, பின்கால் சுக்கான். சீல் என்கிற கடல்நாய் கிடைத்தால் முதலில் கொழுப்பைத் தின்பார். வயிறு நிறைந்திருந்தால் கறியை நரிக்கு விட்டுவிட்டுப் போய்விடுவார். “பெரிய மனுஷன்” என்று முடிப்பாள். பிறகு குரல் இறங்கும். “பாவம், ஜூலையில ஐஸ் உடைஞ்சதுலேருந்து வாயில ஒண்ணும் படல. ஐஸ் இல்லாம அவரு எங்க போயி சீல் புடிக்க?”

அதனால்தான் அவளுடைய பகை கரடியோடு இல்லை, எங்களோடு. யார் வீட்டு வாசலை ஒட்டிய முன்னறையில் சீல் கொழுப்பு வாளி இருக்கிறது, யார் மீனை வெளியே தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று மோந்தே கண்டுபிடிப்பாள். அன்று மாலையே வானொலிக்கு வந்து பெயர் சொல்லித் திட்டுவாள். “நிவியாக், உன் வாசல்ல மானோட தொடை தொங்குது. கரடிக்கு விருந்து வெக்கிறியா? வெச்சா நீயே பக்கத்துல உக்காந்து பரிமாறு.” எங்கள் ஊரில் அவளிடம் திட்டு வாங்காத வீடு என்று ஒன்று உண்டென்றால் அது அவளுடைய வீடுதான்.

இந்த வருடம் இடது காது கிழிந்த ஒரு கிழ ஆண் கரடி வந்தார். இடுப்பெலும்பு தெரிந்தது, தோல் தொளதொளவென்று ஆடியது. முதல்முறை எண்ணெய்த் தொட்டி அருகே நின்றார். வெடி போட்டதும் போய்விட்டார். இரண்டாம் முறை பள்ளிக்கூடத்து ஊஞ்சலை மோந்துகொண்டிருந்தார். இலிசாபி வண்டியில் உட்கார்ந்தபடியே, “இங்க ஒண்ணுமில்லங்க, கெளம்புங்க. இன்னும் கொஞ்ச நாளுதான், பொறுத்துக்குங்க” என்று மாமியார் மருமகனிடம் பேசுவதுபோல் பேசினாள். அதன் பிறகுதான் வெடி.

எங்கள் வேட்டைக்காரர் சங்கத்தில் ஒரு விதி: மூன்றாம் முறை ஊருக்குள் வந்த கரடியைச் சுட்டுவிட வேண்டும். போன வருடம் அப்படி ஒரு தாய்க் கரடியைச் சுட்டாள். அதன் பிறகு ஒரு வாரம் வானொலியில் அவள் திட்டுச் சத்தமே கேட்கவில்லை. இந்த வருடம் ஒருவரையும் சுடாமல் கடல் உறைய வேண்டும் என்று அவள் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

மூன்றாம் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரே தேவாலயத்தில். நிலையத்து ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், எதிர்வீட்டு முன்னறைக் கதவு தெருவில் கிடக்கிறது. எதிர்வீடு இலிசாபியின் வீடு. ஊரின் மறுகோடியில் இருந்தவளைப் போனில் கூப்பிட்டேன்.

“மகளே, உன் வீட்டுலயே நிக்கிறாரு!”

வந்து சேர்ந்தாள். காது கிழிந்தவர் உடைந்த பெட்டியை முன்கால்களுக்கு நடுவில் வைத்து நக்கிக்கொண்டிருந்தார். மூக்கெல்லாம் கொழுப்பு. வெடி போட்ட பிறகும் சாவகாசமாகத்தான் எழுந்து போனார். நான் கீழே இறங்கிப் போனபோது நாற்றம் ஆளைத் தள்ளியது. சரளைக்கு அடியில் புதைத்துப் புளிக்க வைத்த வால்ரஸ் என்கிற தந்தமுள்ள கடல்மிருகத்தின் இறைச்சி. அதன் ருசி தெரிந்தவனுக்கு அந்த நாற்றமே நாவில் நீர் வரவழைக்கும். வடக்குத் தீவிலிருந்து மருமகன் விமானத்தில் அனுப்பியது.

“வீட்டுக்குள்ள வெச்சா மக கத்துறா. ஒரு நாளுதானேன்னு முன்னறையில வெச்சேன்” என்றாள். வேறு பக்கம் பார்த்தாள்.

“பாத்தது நாம ரெண்டு பேருதான். வேற கரடின்னு சொல்லிடலாம்” என்றேன்.

“கேட்டுக்கிட்டே போறாருப்பா” என்றாள், அவர் போன திசையைப் பார்த்து. “அவர் மேல பொய் சொல்லக் கூடாது.”

அன்று மாலை பிங்கோ. எல்லா வீட்டிலும் வானொலி பாடிக்கொண்டிருக்கும் நேரம். இலிசாபி வந்து என் முன்னாலிருந்த மைக்கை இழுத்துக்கொண்டாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“எல்லாரும் கேளுங்க. காலையில காது கிழிஞ்சவரு என் வீட்டுக்கு வந்தாரு. தானா வரல. நான் முன்னறையில வால்ரஸ் வெச்சிருந்தேன். உங்க எல்லாரையும் திட்டுன வாயிதான் இது. தப்பு என்னோடது. வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுட்டு, வந்தவரைச் சுடுறது எந்த ஊரு மரியாதை? இதை அவரு கணக்குல எழுதாதீங்க, என் கணக்குல எழுதுங்க.”

தொலைபேசி அடித்தது. சங்கத் தலைவர் தாசியுக். அவளுடைய அக்கா புருஷன். ஒலிபரப்பில் போட்டேன்.

“எத்தனை நாள் புளிச்சது?”

“ஆறு மாசம், மச்சான்.”

“ஆறு மாசத்து வால்ரஸ்! அக்காவைக் கட்டின மச்சானுக்கு ஒரு துண்டு இல்ல, கரடிக்கு ஒரு பெட்டி!”

ஊர் சிரித்த சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது. இலிசாபி சிரிக்கவில்லை.

“சரி. அவரு கணக்கு ரெண்டுதான்” என்றார் தாசியுக். “ஆனா இப்ப ருசி கண்டுட்டாரு. ஐஸ் வர்றதுக்குள்ள இன்னொரு தடவை உள்ள வந்தா, சுடுறது நீதான். வேற யார்கிட்டயும் தள்ளிவிடக் கூடாது.”

“சரி மச்சான்” என்றாள். நிவியாக் அடுத்ததாகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாயா என்று கேட்டாள். அதையும் இலிசாபி வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். முன்னறையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள். ஊரின் தென்கோடியிலேயே வண்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காது கிழிந்தவர் தூரத்துக் கற்களுக்கிடையில் படுத்திருப்பார், எழுந்து ஊர்ப்பக்கம் மூக்கைத் தூக்குவார், இவளும் எழுந்துகொள்வாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிற்று. சர்க்கரை போடாமல் டீ குடித்தாள், போட மறந்தது தெரியாமலே.

பத்தாம் நாள் காற்று நின்றது. குளிர் இறங்கி விரிகுடா சாம்பல் நிறத்தில் மெல்லிய ஐஸ் தோல் கட்டியிருந்தது. நான் போனபோது அவள் கரைச் சரளையில் நின்றுகொண்டிருந்தாள். வண்டியில் துப்பாக்கி அப்படியே கிடந்தது. காது கிழிந்தவர் நீரோரம் வந்து முன்காலால் தட்டிப் பார்த்தார். ஏறினார். நாலடி போனதும் பின்கால் உள்ளே இறங்கியது. இழுத்துக்கொண்டார். திரும்பி ஊரைப் பார்த்தார்.

“திரும்பாதீங்க” என்றாள் இலிசாபி, உதட்டுக்குள்.

அவர் கடலைப் பார்த்துத் திரும்பி, நாலு காலையும் அகல விரித்து, வயிற்றை ஐஸோடு ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல நகரத் தொடங்கினார். ஐஸ் வளைந்தது, உடையவில்லை. நான் இலிசாபியிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன். அசையாத கல்தரையில் அவள் கால்களை அகல வைத்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, தன் எடையையெல்லாம் குறைத்துக்கொள்ளப் பார்ப்பவள்போல், மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தாள்.