போக மறுத்த படம்

இரண்டாயிரங்களின் நடுவில், எம்.சி.ஏ. முடிக்கவிருந்த என் மகள் கிரேஸ், நான் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்த ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஒரு புரோகிராம் எழுதினாள். புது ஷூ மாடல்களின் படங்கள் வெளியே கசியாமல் எங்கள் வேலூர் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டுமே போக வேண்டும். மேனேஜருக்குப் பிடித்தால் அவளுக்கு அங்கேயே வேலை.

முதல் படம் நல்லபடியாக வேலூருக்குப் போனது. பிறகு மேனேஜர், போகுமிடத்தை அழித்துவிட்டுத் தன் மேஜைக் கம்ப்யூட்டரின் பெயரை அடித்தார். படம் போகவில்லை. திரை முழுக்கப் பிழைச் செய்தி.

“சார், குழந்தை சோறு தண்ணி இல்லாம எழுதினது. இன்னொரு தபா பாருங்க சார்,” என்று கும்பிட்டேன்.

“ஐயோ டாடி, சும்மா இருங்க! அது போவலன்னாதான் நான் பாஸ்!” என்று கிரேஸ் சிரித்தாள். புரோகிராமில் படத்தை அனுப்பும் பகுதிக்கு மேலே எழுதியிருந்த ஒரு வரியைக் காட்டினாள். வேலூர் கம்ப்யூட்டரோடு மட்டும் பேசலாம் என்ற அறிவிப்பாம் அது. யார் எந்தப் பெயரை அடித்தாலும் அது வழிவிடாதாம்.

“இன்னாம்மா, எனக்கே குடுக்காதா? பேஜார் புடிச்ச பொண்ணா இருக்கியே! இதாம்மா எனக்கு வேணும். பரீட்சை முடிஞ்சதும் வேலைக்கு வந்துடு. டாடிய மட்டும் கூட்டினு வராத,” என்றார் மேனேஜர்.

ஆபீஸே சிரித்தது. கும்பிட்ட கையைப் பிரிக்க மறந்து நானும் சிரித்தேன்.

அந்தத் திரையை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது. வெளியூர் போன மகள் போனை எடுக்கத் தாமதித்தாலும் அப்படித்தான். அப்போதெல்லாம் மேனேஜரையே மறுத்த அந்த வரியை நினைத்துக்கொள்வேன். எழுதியவள் என் மகள்தானே! தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதா அவளுக்கு!